ஆசிட் டேங்கில் துரு போக வேண்டும், இரும்பு போகக் கூடாது: எந்த இன்ஹிபிட்டர் சரி?

செந்தில், துவாக்குடி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு சின்ன கால்வனைசிங் யூனிட்டில் (இரும்புச் சாமானை உருகிய ஜிங்கில் முக்கிப் பூச்சுப் போடும் இடம்) பிக்லிங் பகுதியை, அதாவது அதற்கு முன் ஆசிட்டில் துரு எடுக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். வேதியியல் பள்ளியோடு சரி, அதனால் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

எங்களுக்கு எல்லா வகைச் சாமானும் வரும். ஆங்கிள், கிரேட்டிங், பைப் சப்போர்ட், மெல்லிய தகட்டு கிளாம்ப், போல்ட் நட். 30 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும் கமர்ஷியல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து சுமார் 15 சதவீதத்தில் டேங்கை ஆரம்பிக்கிறோம். ஹீட்டர் கிடையாது. ஆனால் சித்திரை, வைகாசியில் டேங்க் தானாகவே 40 டிகிரியைத் தொடும்.

பிரச்சினை இதுதான். கனமான ஆங்கிளில் துரு போக முக்கால் மணி நேரம் ஆகிறது. அதே கூடையில் கிடக்கும் கிளாம்ப் கால் மணியிலேயே வெளுத்துவிடும், பிறகு மிச்ச நேரமெல்லாம் ஆசிட் அதைத் தின்கிறது. சொரசொரப்பாக வருகிறது, ஓரம் மெலிகிறது. போல்ட்டில் மரை தேய்ந்து நட் லொடலொடவென்று ஆடுகிறது. ஜிங்க் உருகும் கெட்டிலில் டிராஸும், அதாவது இரும்பும் ஜிங்கும் சேர்ந்த கசடும் அதிகம்.

ஒரு டீலர் கேனில் ஒரு இன்ஹிபிட்டர், அதாவது ஆசிட் இரும்பைத் தின்னாமல் தடுக்கும் சரக்கு கொடுத்தார். 1000 லிட்டருக்கு 2 லிட்டர் என்றார். புது ஆசிட்டில் போட்டபோது அருமையாக இருந்தது, குமிழ் அடங்கி, புகையும் குறைந்தது. சில வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. பக்கத்து யூனிட்காரர் யூரோட்ரோப்பின் போடு என்கிறார். இன்னொருவர் தயோயூரியாதான் மலிவு, நன்றாகப் பிடிக்கும் என்கிறார். என் சித்தப்பா பையன் காலேஜ் புராஜெக்டில் வேப்பிலைச் சாறு போட்டே 90 சதவீதம் தடுத்ததாகச் சொல்கிறான்.

இவை உண்மையில் எப்படி வேலை செய்கின்றன? எதை வாங்கலாம்? டீலர் கொடுப்பது நல்ல சரக்கா என்று நானே பார்க்க வழி உண்டா? அடுத்த மாதம் 10.9 கிரேடு போல்ட் ஒரு லோடு வரும் என்கிறார்கள், அதற்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மங்கையர்க்கரசி

செந்தில் தம்பி, பாய்லர் ஆசிட் கிளீனிங்கிலும், பிறகு ஒரு கம்பி இழுக்கும் ஆலையின் பிக்லிங் பகுதியிலும் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. புது ஆசிட்டில் அருமை, சில வாரத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். கேனில் இருப்பது மோசமான சரக்கு என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். சரக்கு டேங்கிலிருந்து தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசிட்டுக்குள் மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, துருவும் ஸ்கேலும் (சூட்டில் உருவான ஆக்சைடு படலம்) கரைவது. அது நமக்கு வேண்டும். இரண்டு, துரு போன இடத்தில் தெரியும் வெறும் இரும்பு கரைந்து ஹைட்ரஜன் குமிழாக வருவது. அது வேண்டாம். மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. துருவிலிருந்து கரைந்து வந்த ஃபெரிக் அயனி (மூன்று நேர்மின்சுமை உள்ள இரும்பு) நல்ல இரும்பைத் தின்று ஃபெரஸாக (இரண்டு நேர்மின்சுமை) மாறும். 160 கிராம் ஃபெரிக் ஆக்சைடு கரைந்தால், அந்த ஃபெரிக் 56 கிராம் நல்ல இரும்பைக் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். குமிழ் வராது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. கடையில் விற்கும் இன்ஹிபிட்டர் பெரும்பாலும் இரண்டாவது வேலையை மட்டும்தான் நிறுத்தும். மூன்றாவதுக்கு ஃபெரிக்கை ஃபெரஸாகக் குறைக்கும் பொருள் வேண்டும். துரு தடிமனாக இருந்த பாய்லர்களில் ஸ்டேனஸ் குளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான். உங்கள் டேங்கில் அதுவரை போக வேண்டியதில்லை, ஆனால் துரு மண்டிய கிரேட்டிங்கோடு மெல்லிய கிளாம்பைச் சேர்த்துப் போட்டால் எந்த இன்ஹிபிட்டரும் கிளாம்பை முழுதாகக் காப்பாற்றாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி அந்தச் சரக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நைட்ரஜன், சல்ஃபர், ஆக்சிஜன் அணுக்களில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை இருக்கிறது. அதை இரும்புக்குக் கொடுத்து மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. பிரிடின், குயினோலின் போன்ற வளையங்களும் அசிட்டிலீன் வகை முப்பிணைப்பும் தங்கள் பை எலக்ட்ரான்களால் ஒட்டும். பொதுவாக நைட்ரஜனைவிட சல்ஃபர் இறுக்கமாகப் பிடிக்கும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இரும்பு கரையத் துடிக்கும் இடங்களில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பெயிண்ட் மாதிரி தடித்த படலம் அல்ல, பல சமயம் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்குதான். ஆக்சைடின்மேல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதனால்தான் துரு போகிறது, இரும்பு நிற்கிறது.

இதில் எனக்கு இன்றுவரை மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஆசிட்டுக்குள் அமீன் ஒரு புரோட்டானை வாங்கி நேர்மின் அயனியாகிவிடும். அங்கே இரும்பின் மேற்பரப்பிலும் நேர்மின்சுமைதான். இரண்டும் விலக்கிக்கொள்ளத்தானே வேண்டும்? குளோரைடு அயனி முதலில் போய் இரும்பின்மேல் அமர்கிறது, அதன்மேல் அமீன் வந்து அமர்கிறது. அமீன் வகைகள் ஹைட்ரோகுளோரிக்கில் நன்றாகவும் சல்ஃப்யூரிக்கில் சுமாராகவும் வேலை செய்வது இதனால்தான். அதே சல்ஃப்யூரிக்கில் துளி பொட்டாசியம் அயோடைடு போட்டுப் பாருங்கள், சுமாராக இருந்த அமீன் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அயோடைடு குளோரைடைவிட இறுக்கமாக இரும்பில் ஒட்டும். எந்த ஆசிட் என்று கேட்காமல் இன்ஹிபிட்டர் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

ஒட்டியது ஒட்டியபடியே இருக்காது. கரைசலில் அளவு குறைந்தால் கழன்றுவரும், சூடு ஏறினால் கழன்றுவரும். நீங்கள் தூக்கும் ஒவ்வொரு கூடையும் கொஞ்சம் இன்ஹிபிட்டரை இரும்பின் மேலும் சொட்டும் ஆசிட்டிலும் எடுத்துக்கொண்டு ரின்ஸுக்கு, அதாவது கழுவும் தொட்டிக்குப் போகிறது. டீலர் சொன்ன 1000-க்கு 2 என்பது ஆரம்ப அளவு மட்டும்தான். அதற்குப் பிறகு எத்தனை டன் சாமான் இறங்கியது என்பதை வைத்துத்தான் சேர்க்க வேண்டும். குறைந்த ஆசிட்டை நிரப்பி டாப்-அப் செய்யும்போதாவது இன்ஹிபிட்டர் போடுகிறீர்களா?

யூரோட்ரோப்பின், அதாவது ஹெக்ஸமீன். குறைந்த நேரத்துக்கு நல்ல பொருள். சோதனைத் துண்டிலிருந்து துருவை மட்டும் எடுக்க ஏஎஸ்டிஎம் ஜி1 தரமுறையில் ஒரு கரைசல் உண்டு: 500 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 3.5 கிராம் ஹெக்ஸமீன், தண்ணீர் விட்டு 1 லிட்டர். அறை வெப்பத்தில் 10 நிமிடம். இரும்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் ஓடும் டேங்கில் ஹெக்ஸமீன் ஆசிட்டில் மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடும் அம்மோனியம் உப்புமாக மாறும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் வரவைக்கும் பொருள். அது ஹைட்ரோகுளோரிக் ஆவியோடு சேர்ந்தால் அதைவிடக் கொடிய குளோரோமீத்தைல் ஈதர் உருவாகவும் வாய்ப்பு உண்டு. டேங்க் ஓரத்தில் நாள் முழுக்க நிற்பவர் உங்கள் ஆட்கள். கூரை தாழ்ந்த கொட்டகையில் இதைத் தினசரிப் பழக்கமாக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தயோயூரியாவைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: வேண்டாம். குறைந்த அளவில் பிடிக்கும். அளவு கூடினால் பலன் குறைந்து, சில நேரம் அரிப்பைக் கூட்டவும் செய்யும். இரும்பின்மேல் அது உடைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தரும். இரும்பின்மேல் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழாகப் போய்விட வேண்டும். அப்படிச் சேர விடாமல் சல்ஃபைடு தடுக்கிறது. தனி அணுவாக நிற்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே நுழைந்துவிடும். எடை குறைவை அளந்தால் அருமையான எண் வரும், ஆனால் போல்ட் உள்ளுக்குள் நொறுங்கத் தயாராகியிருக்கும். இப்போது நல்ல கம்பெனிச் சரக்குகளில் வருவது டைபியூட்டைல் தயோயூரியா போன்ற வழிப்பொருள்கள், அளவு பார்த்து வேறு பொருள்களோடு கலந்தவை. சாக்கில் வாங்கிக் கையால் அள்ளிப் போடும் தயோயூரியா வேறு கதை.

10.9 போல்ட்டுக்கு வருகிறேன். அதில் 10 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுவிசை வலிமை. இந்த அளவு கடினமான எஃகு ஹைட்ரஜனுக்கு அஞ்ச வேண்டிய எஃகு. போல்ட் கால்வனைசிங்குக்கான ஐஎஸ்ஓ 10684 தரமுறை, கடினம் விக்கர்ஸ் அளவுகோலில் 320 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்ஹிபிட்டர் போட்ட ஆசிட்டிலோ, காரத்திலோ, இயந்திர முறையிலோதான் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது. ஆசிட் என்றால் எவ்வளவு குறைந்த நேரம் முடியுமோ அவ்வளவுதான். என் யோசனை: ஷாட் பிளாஸ்ட் செய்து (சின்ன எஃகு மணிகளை வேகமாக அடித்து) துருவை அங்கேயே எடுத்துவிடுங்கள். ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும். ஆங்கிளோடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஊறவைக்கவே கூடாது. அந்தப் போல்ட் அன்றே உடையாது. மாட்டி முறுக்கி, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரோ ஏறி நிற்கும்போது தலை தெறிக்கும்.

சோதனை எப்படிச் செய்வது என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன், இதுவே நீண்டுவிட்டது.

ராஜா, மஸ்கட்

மங்கை மேடம் சொன்னதோடு எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்துச் செய்தி ஒன்று. நான் ஓமானில் கிணறு ஸ்டிமுலேஷன், அதாவது கிணற்றில் எண்ணெய் வரத்தைக் கூட்டும் வேலையில் இருக்கிறேன். சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் வரும் வழியைத் திறக்க 15 சதவீத ஹைட்ரோகுளோரிக், சில இடத்தில் 28 சதவீதம்கூட, எஃகுக் குழாய் வழியாகவே கீழே இறக்குவோம். அடியில் 100 டிகிரிக்கு மேல் சூடு. இன்ஹிபிட்டர் இல்லாமல் இதை நினைத்தே பார்க்க முடியாது.

இந்தத் தொழில் பிறந்ததே இன்ஹிபிட்டரால்தான் என்று சொல்லலாம். ஹெர்மன் ஃப்ராஷ் 1890-களிலேயே அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆசிட் விட்டுப் பார்த்து காப்புரிமையும் வாங்கினார். குழாய் அரிப்பு பெரிய தடையாக நின்றது, முறை கிடப்பில் போய்விட்டது. 1932 பிப்ரவரியில் மிச்சிகனில் ப்யூர் ஆயில் கம்பெனியின் கிணறு ஒன்றில் டோ கெமிக்கல் ஆட்கள் ஆர்சனிக் சேர்மத்தை இன்ஹிபிட்டராகக் கலந்து ஆசிட் விட்டார்கள். எண்ணெய் வராமல் கிடந்த கிணறு நாளுக்கு 16 பேரல் தந்தது. அதே ஆண்டு அதற்கென்றே டோவெல் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது.

ஆர்சனிக் நன்றாகத் தடுத்தாலும் ஆளைக் கொல்லும். ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சீன் வாயு ஆகும், சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியையும் கெடுக்கும். அதனால்தான் கரிமச் சேர்மங்கள் உள்ளே வந்தன. இப்போது எங்கள் கலவையில் குயினோலின் வகை குவாட்டர்னரி உப்பு (நேர்மின்சுமை உள்ள நைட்ரஜன் உப்பு), புரோப்பார்ஜைல் ஆல்கஹால், கலவை நன்றாகப் பரவ ஒரு சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்), சூடு அதிகமானால் ஃபார்மிக் ஆசிட் அல்லது அயோடைடு. புரோப்பார்ஜைல் ஆல்கஹாலின் முப்பிணைப்பு இரும்பின்மேல் ஒட்டி, அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து பாலிமர் படலமாகும். அதனால்தான் சூட்டிலும் நிற்கிறது. ஆனால் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடலுக்குள் போகும். இதற்கு மாற்றாக சின்னமால்டிஹைடு கலந்த சரக்குகள் வந்திருக்கின்றன. லவங்கப்பட்டைக்கு வாசனை தரும் அதே பொருள்தான்.

செந்தில் சார், ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் இன்ஹிபிட்டர் சில மணி நேரத்துக்கு மட்டும் வேலை செய்தால் போதும். ஒரு வேலை முழுக்கச் சதுர அடிக்கு 0.05 பவுண்டுக்கு மேல் இரும்பு போகக் கூடாது, குழி விழக் கூடாது, இதுதான் பொதுவாக வைக்கும் எல்லை. உங்கள் டேங்க் வாரக்கணக்கில் ஓடுகிறது. எண்ணெய் வயல் சரக்கு மிச்சம் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்க வேண்டாம். அந்தப் படலம் ரின்ஸில் போகாது, அதன்மேல் ஜிங்க் பிடிக்காது.

நிலோஃபர்

நான் தாவரச் சாறுகளை அரிமானத் தடுப்பானாக ஆராயும் மாணவி. வேப்பிலை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை விளையாட்டாக ஒதுக்குபவர்கள் நிறையப் பேர்.

தாவரச் சாற்றில் இருப்பவையும் கரிமச் சேர்மங்கள்தான். மிளகில் பிப்பரின், காபியில் கஃபீன், மருதாணியில் லாசோன், மரப்பட்டைகளில் டானின். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வளையங்களும் எல்லாம் உண்டு. மேடம் சொன்ன அதே முறையில்தான் ஒட்டுகின்றன. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக்கில், 30 டிகிரியில், சில மணி நேரச் சோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் காட்டும் சாறுகள் எத்தனையோ. செந்தில் சார், உங்கள் சித்தப்பா பையன் சொன்ன 90 சதவீதத்தை நான் நம்புகிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1872-லேயே மாராங்கோனி, ஸ்டெஃபனெல்லி என்ற இத்தாலியர்கள் ஆசிட்டில் இரும்பு கரைவதைக் குறைக்கப் பசை, ஜெலட்டின், தவிடு இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் அரிமான ஆய்வைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. இந்தத் துறைக்கு நம் ஊரில் வேர் இருக்கிறது.

மேடம், நீங்கள் ஆலையில் தாவரச் சாற்றை முயன்று பார்த்திருக்கிறீர்களா? டேங்கில் வேலை செய்யாது என்றால் எந்த இடத்தில் தடுமாறும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மங்கையர்க்கரசி

நிலோஃபர், கேட்டதற்கு நன்றி. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். தாவரச் சாறு ஒட்டாது என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாகவே ஒட்டும். தடுமாற்றம் வேறு இடத்தில். முதலாவது, உங்கள் 1 மோலார் என்பது 4 சதவீதத்துக்கும் குறைந்த ஆசிட், அதுவும் இரும்பு கரையாத சுத்தமான ஆசிட். செந்திலின் டேங்கில் 15 சதவீதம், லிட்டருக்குப் பல பத்து கிராம் இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு, சேறு. இரண்டாவது, டானின் ஃபெரிக்கைப் பார்த்தால் மைக் கறுப்பாக வீழ்படியும். பழைய காலத்து எழுத்து மையே அப்படித்தானே செய்தார்கள். டேங்கின் அடியில் சேறு, சாமானின் மேல் கறுப்புப் பூச்சு, அதற்குப் பிறகு ஃப்ளக்ஸ் (ஜிங்கில் முக்கும் முன் பூசும் உப்புக் கரைசல்) பிடிக்காது. மூன்றாவது, ஒரு மழைக்காலத்து இலையும் ஒரு கோடை இலையும் ஒரே அளவு சரக்கைத் தராது.

உங்கள் ஆய்வில் ஒன்று செய்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேங்கிலிருந்து ஆசிட் வாங்கி அதில் சோதியுங்கள். 90-ஐ 95 ஆக்குவதைவிட, அழுக்கு ஆசிட்டில் 80 நிற்கிறதா என்று காட்டும் ஒரு கட்டுரை எனக்கு மேல். சாற்றை அப்படியே போடாமல், பிப்பரின் மாதிரி ஒன்றைப் பிரித்தெடுத்துப் போட்டால் என் இரண்டாவது, மூன்றாவது புகார்கள் பாதிக்கு மேல் போய்விடும். சின்னமால்டிஹைடு வந்த வழியும் அதுதான்.

செந்தில், இனி உங்கள் சோதனை. ஒரே மைல்டு ஸ்டீல் தகட்டிலிருந்து 50க்கு 25 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். எமரித் தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, நகைக்கடைத் தராசில், அதாவது மில்லிகிராம் காட்டும் தராசில், எடை போடுங்கள். ஒவ்வொன்றையும் நைலான் நூலில் கட்டித் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் தொங்கவிடுங்கள், ஜாடியின் அடியைத் தொடக் கூடாது. ஒன்றில் ஓடும் டேங்கின் ஆசிட் அப்படியே. மற்றதில் அதே ஆசிட்டோடு டீலர் சொன்ன அளவு இன்ஹிபிட்டர். இன்னொன்றில் இரு மடங்கு. எல்லா ஜாடியும் டேங்கின் வெப்பத்தில் இருக்கட்டும். 4 மணி நேரம் கழித்து எடுத்து, தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை. சும்மா விட்டதில் குறைந்த எடையிலிருந்து இன்ஹிபிட்டர் ஜாடியில் குறைந்த எடையைக் கழித்து, சும்மா விட்டதில் குறைந்ததால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அதுதான் தடுப்புச் சதவீதம். ஜாடி வேலை காற்றோட்டத்தில், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு. ஹைட்ரஜன் வருவதால் பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

அதோடு நின்றுவிடாதீர்கள். துருப்பிடித்த ஆங்கிள் துண்டு ஒவ்வொரு ஜாடியிலும் எத்தனை நிமிடத்தில் வெளுக்கிறது என்றும் பாருங்கள். இரும்பைக் காத்துவிட்டுத் துரு போகும் நேரத்தை இரட்டிப்பாக்கும் சரக்கு உங்களுக்கு ஆகாது.

புகையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். குமிழ் வெடித்துத் தெறிக்கும் ஆசிட் மூடுபனியைத்தான் இன்ஹிபிட்டர் குறைக்கும். ஆசிட்டிலிருந்து தானாக எழும் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி அப்படியேதான் இருக்கும், 40 டிகிரியில் இன்னும் அதிகமாக. புகை குறைந்துவிட்டது என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்த யாரையும் விடாதீர்கள்.

செந்தில், துவாக்குடி

மேடம், சொன்னபடியே செய்தேன். நகை வேலை செய்யும் நண்பர் ஒருவரின் தராசு கிடைத்தது. டேங்க் ஆசிட் அப்படியே விட்டதில் 171 மில்லிகிராம் போயிருக்கிறது. டீலர் அளவு போட்டதில் 19. இரு மடங்கு போட்டதில் 17. அதாவது 89 சதவீதம், 90 சதவீதம். ஆக டேங்கில் இன்ஹிபிட்டர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சரக்கு நல்ல சரக்குதான். டாப்-அப் செய்யும்போது இதுவரை நாங்கள் எதுவும் சேர்க்கவில்லை, டீலரும் அதைச் சொல்லவில்லை.

துரு போகும் நேரம் டீலர் அளவில் மாறவில்லை. இரு மடங்கில் கொஞ்சம் இழுத்தது.

இரண்டு கேள்வி. இரு மடங்கு போட்டும் ஏன் கூடவில்லை? கிளாம்பையும் ஆங்கிளையும் பிரிக்க முதலாளி சம்மதிக்கவில்லை, கூடை எண்ணிக்கை ஏறும் என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

ராஜா சார், நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே மலிவுச் சரக்கு என்று ஒருவர் ஏற்கெனவே போன் செய்துவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மங்கையர்க்கரசி

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், தம்பி. உட்கார இடம் நிறைந்த பிறகு இன்னும் எவ்வளவு ஊற்றினாலும் மேற்பரப்பில் சேராது, கரைசலில்தான் மிதக்கும். எந்த இன்ஹிபிட்டருக்கும் இப்படி ஒரு மட்டம் உண்டு, அதைத் தாண்டிப் போட்டால் காசும் ரின்ஸ் தண்ணீரும்தான் வீண். டீலர் அளவையே வைத்துக்கொள்ளுங்கள். டாப்-அப் செய்யும் ஆசிட்டுக்கு உரிய அளவை அதோடு சேர்க்க வேண்டும். அது போக, இத்தனை டன் சாமான் இறங்கினால் இவ்வளவு என்று ஒரு கணக்கு. அந்த எண்ணை உங்கள் டேங்கே சொல்லும். வாரம் ஒருமுறை இதே துண்டுச் சோதனை செய்யுங்கள், தடுப்பு 80-க்குக் கீழே இறங்கும்போது எத்தனை டன் போயிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, இதைவிட எளிய சோதனை வேண்டுமென்று ஆட்கள் கேட்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய மைல்டு ஸ்டீல் கம்பித் துண்டை டேங்க் ஓரத்தில் நூலில் தொங்கவிட்டு, ஷிஃப்ட் ஆரம்பத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகக் குமிழ் கக்கினால் இன்ஹிபிட்டர் குறைந்துவிட்டது.

முதலாளிக்கு டிராஸ் கணக்கைச் சொல்லுங்கள். சாமானோடு ஒட்டி ரின்ஸைத் தாண்டி ஃப்ளக்ஸுக்கும் கெட்டிலுக்கும் போகும் ஒவ்வொரு கிலோ இரும்பும் 25 கிலோ அளவுக்கு டிராஸ் ஆகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. டிராஸில் பெரும்பகுதி அவர் காசு கொடுத்து வாங்கிய ஜிங்க். ஒரு மாத டிராஸை எடை போட்டு, கிளாம்பைத் தனிக் கூடையில் போட்ட அடுத்த மாத டிராஸை அதோடு வைத்துக் காட்டுங்கள். ஆசிட்டில் இரும்பு லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டும்போது டைட்ரேஷன் (கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று வேதிமுறையில் அளப்பது) பார்த்து மாற்றுவதையும், ரின்ஸ் தண்ணீரைத் தேங்க விடாமல் ஓட விடுவதையும் அதே மாதத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். எது எதனால் குறைந்தது என்று பிறகு தெரியாது. அவற்றை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10.9 லோடு வருவதற்கு முன், போல்ட்டின் கடினச் சான்றிதழை வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஷாட் பிளாஸ்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.